இரண்டாவது ஸ்டவ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், ஊருக்கு நாலு வரிக் கடிதமும்தான். ஞாபகமும் போய்க்கொண்டிருக்கிறது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது மூன்றாவது விசிலிலேயே மறந்துவிடுகிறது. டில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புப் பெண்கள் போடும் பொங்கல் மலருக்கு, "நீங்களும் ஒண்ணு எழுதுங்க ஆன்ட்டி" என்று கீழ்வீட்டு லதா ஒரு மாதமாக விடவில்லை. மேடையில் பேசச் சொல்லியிருந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது ஓடியிருப்பேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் சரி என்றேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எனக்குப் புத்தி சரியில்லை என்று சர்க்கார் டைரியில் எழுதியிருக்கிறது. எழுத வைத்தவர் என் அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். அவர் லால்குடிக்காரர். இங்கே மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் டெஸ்பாட்ச் கிளார்க். எங்களுக்கு மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ், கீழ்வீடு. அவர் எப்படிப்பட்டவர் என்றால், சாயங்காலம் ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது பேனாவில் மிச்சமிருக்கும் இங்கை ஆபீஸ் புட்டியிலேயே திரும்ப ஊற்றிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார். (பேனா அவருடையது. இங்க் சர்க்காருடையது.) வீட்டையும் ஆபீஸ் மாதிரியே நடத்தினார். நான் வெளியே விளையாடப் போக வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். 'மதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு, நொண்டி விளையாட ஒரு மணி நேரம் அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அவர் அதைச் சிவப்புப் பென்சிலால் 'அரை மணி' என்று திருத்தி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுத் தருவார். அதற்குள் மற்றப் பெண்கள் விளையாடி முடித்துச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

பொய்க்கு விசாரணை, விண்ணப்பம் எதுவும் கிடையாது. நேராகத் தண்டனைதான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'நான் பொய் சொல்ல மாட்டேன்' என்று நூறு வரி. அவர் விரல் வைத்து எண்ணிப் பார்த்து, அடியில் 'கண்டேன்' என்று எழுதினால்தான் விடுதலை. பல் தேய்க்காமல் தேய்த்தேன் என்று சொன்னதற்கே மூன்று தடவை எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று பள்ளிக்கூடத்து டீச்சர் பாராட்டுவார். (காரணம் அவருக்குத் தெரியாது, பாவம்.) அப்பா ஒரு நாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமே என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். அவருக்கு ரத்தத்துக்குப் பதில் ஆபீஸ் இங்க்தான் ஓடுகிறது என்று மனதார நம்பினேன்.

இனி காலனி விஷயம். சர்க்கார் குவார்ட்டர்ஸில் சொந்தக் குடும்பம்தான் இருக்கலாம், வேறு யாரையும் வாடகைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் ஓர் அறை வாடகைக்குப் போயிருந்தது. வீடு ஒதுக்கும் ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்டர் எப்போதாவது சோதனைக்கு வருவார். அவர் முதலில் தேடுவது இரண்டாவது ஸ்டவ்வை. ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம் என்று அர்த்தம். மாட்டினால் வீடு பறிபோகும்.

அதனால் காலனியில் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரின் சைக்கிள் தெருமுனையில் தெரிந்ததும் மூலைவீட்டு மாடியில் சிவப்பு ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, ஒன்றைத் தொங்கவிடுவார்கள். சிவப்பு ரஜாய் தெரிந்த ஐந்தாவது நிமிஷம் எல்லா வீட்டிலும் வாடகைக்காரர்கள் சாச்சாவாகவும் மௌஸியாகவும் (சித்தப்பா, சித்தி) மாறிவிடுவார்கள். ஸ்டவ்வுகள் நிலக்கரி மூட்டைக்குப் பின்னால் மறையும்.

எங்கள் வீட்டில் மட்டும் இந்தக் கூத்து கிடையாது. அப்பாவிடம் வாடகை அறை என்று யாராவது வாயெடுத்தால் சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லித் துரத்துவார். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'ஹரிச்சந்தர் பாபு' என்று பெயர். பாராட்டித்தான் கூப்பிடுகிறார்கள் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு நேர் மேலே ஒரு சர்தார்ஜி குடும்பம். ஐந்து பிள்ளைகள், சர்தார்ஜி சர்க்கார் ஜீப் ஓட்டுபவர். அவர்கள் பின்னறையை வசந்தா அக்காவுக்கும் அவள் புருஷனுக்கும் விட்டிருந்தார்கள். சேலத்துப் பெண், இருபது வயதுகூட இருக்காது. புருஷன் கனாட் பிளேஸில் டைப்பிஸ்ட். அவளுக்கு அப்போது நிறைமாதம். டிசம்பர் கடைசி, காலையில் குழாயைத் தொட்டால் விரல் விறைத்துப்போகும். அவளுக்கு டில்லியில் வேறு ஒரு மனுஷரும் கிடையாது. அந்த அறை போனால் சர்தார்ஜிக்கு வீடு போகும், அவளுக்கு நடுத்தெரு.

ஒரு நாள் பிற்பகல் சிவப்பு ரஜாய் தொங்கியது.

சர்தார்ஜியின் மனைவி, மேல்வீட்டு ஆன்ட்டி, படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தார். கையில் வசந்தா அக்காவின் ஸ்டவ், அதன்மேல் அவளுடைய பாத்திரம். என் அம்மாவிடம் கெஞ்சினார். அவர் சொன்னது நியாயம்தான். ஹரிச்சந்தர் பாபு வீட்டை எந்த இன்ஸ்பெக்டர் சோதனை போடுவான்? அம்மா ஒரு நொடி யோசித்தாள். அப்புறம் ஸ்டவ்வை வாங்கி, நான் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்த கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"தனம், யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே."

நான் தலையாட்டினேன்.

"உனக்கென்ன சொல்றது, சும்மாவே பேச்சு வராதே" என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டு அம்மா மாடிக்கு ஓடினாள். அங்கே வசந்தா அக்காவுக்கு ஆன்ட்டியின் சல்வார் கமீஸை மாட்டி, தலையில் துப்பட்டாவைப் போட்டு, லூதியானாவிலிருந்து பிரசவத்துக்கு வந்த சர்தார்ஜியின் அண்ணன் மகளாக ஆக்க வேண்டியிருந்தது. அக்காவுக்குப் பஞ்சாபியில் ஒரு வார்த்தை தெரியாது. இந்தியில் 'அச்சா' மட்டும் தெரியும். யார் எதைக் கேட்டாலும் முனகு என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

அம்மாவின் கணக்கு சரியான கணக்குதான். நான் அவ்வளவு வாயில்லாத பெண். வகுப்பில் ஆஜர் சொல்லவே பக்கத்துப் பெண் எனக்காகக் குரல் கொடுப்பாள்.

இன்ஸ்பெக்டர் எல்லா வீடும் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். சோதனைக்கு இல்லை. வெந்நீராவது கிடைக்குமா என்று பார்க்கத்தான். அவருக்கும் அப்பாவைத் தெரியும், மரியாதை உண்டு. மப்ளர் சுற்றிய வயதான மனிதர். "பாபுஜி இன்னும் வரலையா? வரட்டும்" என்று இந்தியில் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். இன்னொரு தடவை உறிஞ்சினார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

ஸ்டவ்வைத் தூக்கியபோது வசந்தா அக்காவின் ரசம் அப்போதுதான் நுரை கட்டியிருந்ததாம். கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த வாசனை இன்னும் வந்துகொண்டிருந்தது.

"யே ஸ்டோவ் கிஸ்கா ஹை, பேட்டி?"

இது யாருடைய ஸ்டவ், மகளே என்கிறார். வாயைத் திறக்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் திறக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்து நீட்டினார். "பயப்படாதே. உன் அப்பா பொய்யே பேச மாட்டார். நீ அவர் பெண்ணில்லையா?"

இந்த இடத்தில்தான் நான் வீழ்ந்தேன். என் கண்முன் காலண்டர் தாள்கள் வந்து நின்றன. எங்களுடையது என்று சொன்னால் நூறு வரி. தெரியாது என்றாலும் நூறு வரி.

"மேல வசந்தா அக்காவோடது" என்றேன், என் இந்தியில்.

"வசந்தா யார்?"

"வாடகைக்கு இருக்காங்க."

அவர் டைரியை எடுத்து எழுதினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீங்கள் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பத்து வயது வரை நான் பேசியதை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இப்போது மப்ளர் கட்டிய ஒரு பெரிய அதிகாரி, நான் சொல்லச் சொல்ல, சர்க்கார் பேனாவால் எழுதிக்கொள்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மிட்டாயை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஆரம்பித்தேன். மூலைவீட்டுச் சாச்சா உண்மையில் சாச்சா இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாறுவார். எதிர்வரிசையில் மௌஸி என்று சொல்வார்கள், அவர் பெங்காலியில் பேசுவார், வீட்டுக்காரர்கள் பஞ்சாபிகள். மூன்றாவது வீட்டு ஸ்டவ் நிலக்கரி மூட்டைக்குப் பின்னால். நாலாவது வீட்டில் குளிக்கும் அறையில், வாளியைக் கவிழ்த்து மூடி. அவர் என் வேகத்துக்கு எழுத முடியாமல், மெதுவாகச் சொல்லும்படி "தீரே, பேட்டி, தீரே" என்றார். நான் கருணையோடு நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். சிவப்பு ரஜாயின் ரகசியத்தைக்கூட விடவில்லை. டீச்சர் டிக்டேஷன் கொடுப்பது போல ஒரு மிதப்பு. மொத்தம் ஒன்பது வீடு. பத்து வருஷத்துப் பேச்சை அந்தக் கால் மணியில் பேசித் தீர்த்துவிட்டேன்.

அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தவள் வாசலில் கல்லாக நின்றாள். அவளுக்குப் பின்னால் மேல்வீட்டு ஆன்ட்டி. அவருக்கும் பின்னால் படியில், லூதியானா துப்பட்டாவோடு வசந்தா அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அதே நேரம் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கைகுலுக்கினார். "பாபுஜி, உங்கள் பெண் பெண்ணில்லை, வைரம்" என்று சொல்லி டைரியை முதலிலிருந்து படித்துக் காட்டினார். அப்பா கிளிப் மாட்டிய கால்சட்டையோடு நின்று முழுவதையும் கேட்டார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். படியில் நின்ற வசந்தா அக்காவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து நின்றேன். உண்மை சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒன்பது வீட்டு உண்மை. இனி ஒரு மாதத்துக்கு விண்ணப்பமே இல்லாமல் விளையாடலாம் என்று நினைத்தேன்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஸாப், இஸ்கா திமாக் டீக் நஹீன் ஹை."

இவளுக்கு மூளை சரியில்லை.

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. அப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லையா, அதையும் ஆபீஸ் நோட் மாதிரியே வரிசைப்படுத்திச் சொன்னார். ஒன்று, மூன்று வயதில் கட்டிலிலிருந்து தலைகீழாக விழுந்தது. இரண்டு, அன்றிலிருந்து இல்லாததை இருப்பதாகச் சொல்கிறது. மூன்று, போன வாரம் ஜனாதிபதி எங்கள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டதாகச் சொல்லியது. நான்கு, வைத்தியம் நடக்கிறது. ஐந்து, அந்த ஸ்டவ் எங்களுடையது, விரத நாள் சமையலுக்கு என்று தனியாக வைத்திருக்கிறோம்.

"கட்டிலுக்கு அடியிலா?"

அப்பா என்னைக் கைகாட்டினார். "இவள்தான் தள்ளியிருக்கிறாள். சொன்னேனே" என்றார்.

எனக்குள் என்ன நடந்தது தெரியுமா? அப்பா பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? சூரியன் மேற்கே உதித்தாலும் உதிக்கும், அப்பா பொய் சொல்ல மாட்டார். ஆகவே எனக்குப் புத்தி சரியில்லை என்பது நிஜம். கட்டிலிலிருந்து விழுந்ததும் நிஜம். ஜனாதிபதி வந்ததை நான்தான் மறந்துவிட்டேன்!

"ஐயோ அப்பா, எனக்கு எப்பப்பா இப்படி ஆச்சு? என்கிட்ட ஏன் யாருமே சொல்லலை?" என்று பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தேன். வாயிலிருந்த மிட்டாய் இன்ஸ்பெக்டரின் ஷூமேல் விழுந்தது.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த அழுகை எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை. டைரியில் எழுதியிருந்த ஐந்து பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். கீழே ஒரே ஒரு வரி எழுதினார். குழந்தைக்குப் புத்தி சரியில்லை, வாக்குமூலம் ஏற்கத்தக்கதல்ல. அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்து, என் தலையைத் தடவி, பையிலிருந்த மிச்ச மிட்டாயெல்லாம் என் கையில் போட்டுவிட்டுப் போனார். போகும்போது ஹரிச்சந்தர் பாபுவுக்கே கடவுள் இப்படிக் கொடுத்தாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

அடுத்த மூன்று நாள் நான் பைத்தியமாக வாழ்ந்தேன். உள்ளபடி சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. நான் தப்பவைத்த ஒன்பது வீட்டிலிருந்தும் கேரட் போட்ட காஜர் அல்வாவும் பட்டாணிக் கறியும் வந்தன. (மாட்டிவிட்டவளும் நானே என்பதைப் பெருந்தன்மையாக மறந்துவிட்டார்கள்.) வாய்ப்பாடு எழுதவில்லை. யார் கேட்டாலும், "எனக்குத்தான் சரியில்லையே" என்றேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். சிரித்தாளா அழுதாளா, இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து எதிரில் நின்றார். கையில் நாலைந்து காலண்டர் தாள்கள். சரி, மருந்துச் சீட்டு என்று நினைத்தேன்.

"சரி பாரு" என்று நீட்டினார்.

'நான் பொய் சொல்ல மாட்டேன். நான் பொய் சொல்ல மாட்டேன்.' டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர் மாதிரி ஒழுங்கான வரிகள். அப்பாவின் கையெழுத்து.

நான் தாளைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய உருவம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"அப்போ... எனக்குப் பைத்தியம் இல்லையா?"

"இல்லை."

"கட்டில்லேர்ந்து விழலையா?"

"விழலை."

"ஜனாதிபதி?"

"வரலை தனம். எண்ணிப் பாரு."

எனக்கு ஒரு குதி குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் வேலை என்றால் வேலை. விரல் வைத்து எண்ணினேன். ஒரு தடவை எண்ணி, சந்தேகம் வந்து இன்னொரு தடவையும் எண்ணினேன்.

"தொண்ணூத்தாறுதான் இருக்கு. நாலு குறையுது."

அப்பா வாங்கிப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து மிச்சம் நாலையும் எழுதினார். சிவப்புப் பென்சிலை என்னிடம் கொடுத்தார். நான் 'கண்டேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். பத்து வயதில் என் அப்பாவின் ஃபைலில் கையெழுத்துப் போட்டவள் நான்.

"ஏம்பா சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு இந்தக் குளிர்ல வயித்தோட எங்கே போகும்? நூறு வரிதானே. எழுதிட்டாப் போச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார். தாள்களை மடித்துக்கொண்டே, "உன் பேர்ல சொன்னதுதான் மனசுக்கு ஆகலை" என்றார்.

எனக்காக மட்டும் போட்ட சட்டங்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவரும் அவற்றுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் எனக்கு அவரிடம் பயம் வரவில்லை. வர முயற்சி பண்ணினால்கூட, கையைக் கட்டிக்கொண்டு நின்ற கோலம்தான் நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து வசந்தா அக்காவுக்கு அதே அறையில் பையன் பிறந்தான். குழந்தை அழுத சத்தம் கேட்டபோது அப்பா ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். பாதி முகம் சோப்போடு படியேறி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

என் பேர் மட்டும் தேறவில்லை. அடுத்த வருஷம் அம்மா படுத்த படுக்கையானாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். காலனியே, "பாவம், அதுக்குத்தான் திமாக்..." என்று முடித்துக்கொண்டது. அப்பா எனக்குச் சாயங்காலங்களில் தினமும் கொஞ்சம் தமிழ் படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிக் கொடுத்தார். மேலே படிக்க வைக்க முடியவில்லையே என்று கடைசிவரை அவருக்குக் குறைதான்.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் வேலை. அவர், அவர் அம்மா, அப்பா மூன்று பேர். கேசரி தட்டில் இருக்கிறது. நான் கதவுக்குப் பின்னால் காப்பி டம்ளர்களோடு நிற்கிறேன். அப்பா ஆரம்பித்தார்.

"ஒரு விஷயத்தை மறைச்சு நான் பொண்ணைக் கொடுக்க முடியாது. சர்க்கார் ரிகார்டுல எம் பொண்ணுக்குப் புத்தி சரியில்லைன்னு எழுதியிருக்கு."

மாப்பிள்ளை அம்மாவின் ஸ்பூன் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே அம்மா கட்டிலில் படுத்தபடியே தலையில் அடித்துக்கொண்டாள். (அப்பாவுக்கு எதையும் முடிவிலிருந்து ஆரம்பித்துத்தான் சொல்ல வரும். விளக்கம் பின் இணைப்பு.) அப்புறம் ஸ்டவ், ரசம், ஒன்பது வீடு, நூறு வரி என்று எதையும் விடாமல் சொல்லி முடித்தார்.

நான் டம்ளர்களைப் பிடித்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை கேட்டார், "அந்த நூறு வரியை எண்ணினது யாருங்க?"

"பொண்ணுதான்."

"சரியா இருந்துச்சா?"

"நாலு குறைஞ்சுச்சு. விடலை. எழுத வெச்சுட்டா."

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் கேசரித் தட்டு மடியிலிருந்து நழுவியது. "பெத்த அப்பாவையே விடலையா! அம்மா, எனக்குச் சம்மதம்" என்றார்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் நான் மெட்ரோவில் தப்பான பக்கம் ஏறினாலும், பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பூஜை அறையில் உட்கார்ந்துவிட்டாலும் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. "தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன். மாமனார் எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்பார். பிள்ளைகள், மருமகள், பேரன் எல்லோருக்கும் அதே வசனம்தான். தமிழ் சரியாக வராத பேரன்கூட இந்த ஒரு வரியைப் பிசகில்லாமல் சொல்கிறான்.

லதா, இதை மலரில் போடுவதற்கு முன்னால் சேலத்துக்கு போன் போட்டு வசந்தா அக்காவிடம் ஒரு தடவை கேட்டுக்கொள். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனால் என்னைவிட ஞாபகம் அதிகம். அன்று பாத்திரத்தில் இருந்தது ரசமா, புளிக்குழம்பா? ஒன்பது வீடா, எட்டா? எது தப்போ திருத்திவிடு. என் புத்தியைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் தொடாதே. அது சர்க்கார் ரிகார்டு.